நோயில்லாத நாய்க்கு ஊசி போடச் சொல்லும் அப்பா: மறுத்த வைத்தியர் செய்தது சரியா?

டிக்கோயா மகள் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் அப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து இப்போது ஓய்வு பெற்றிருக்கிறார். உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் வேலையோடு வருவது, வேலையோடு போவது என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா காலமாகிவிட்டார். வீட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குவதால், ஹட்டன் நகரில் தம்பி வாடகைக்கு எடுத்திருக்கும் மேல்மாடி வீட்டுக்கு அப்பா போகவிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் நாய் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் கொழும்பில் ஒரு விடுதி அறையில் இருக்கிறேன்.

அப்பாவிடம் ஒன்பது வயது நாய் ஒன்று இருக்கிறது. நாட்டு நாய்தான், மணி என்று பெயர். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருக்கிறோம், கருத்தடையும் செய்திருக்கிறோம், இதுவரை பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. ஆனால் அது அப்பா ஒருவருக்குத்தான் நாய். நான் விடுமுறைக்கு வந்தால் வாலை ஆட்டும், சோற்றுத் தட்டை வைத்தால் நான் தள்ளிப்போன பிறகுதான் வந்து சாப்பிடும். அயலவர் யாராவது படியேறி வந்தால் உறுமும். ஒரு முறை தபால்காரரின் காற்சட்டையைக் கவ்வியிருக்கிறது.

போன மாதம் அப்பா யாரிடமும் சொல்லாமல் ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்து மணியைத் தனியார் மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய், உயிரை முடிக்கும் ஊசியைப் போட்டுவிடும்படி கேட்டிருக்கிறார். அந்த வைத்தியர் நாயைப் பரிசோதித்துவிட்டு, நோயில்லாத மிருகத்தைத் தாம் கொல்வதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி சொன்னான்.

அப்பா கொடுமைக்காரர் அல்லர். தொலைபேசியில் நான் சண்டை பிடித்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நான் போன பிறகு அது வாசலிலேயே கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் கல்லால் அடித்துத் துரத்துவார்கள். ரோட்டில் லொறியில் அடிபட்டுச் சாகும், இல்லாவிட்டால் புலி கொண்டுபோகும். நான் பக்கத்தில் இருக்கும்போதே தூங்கிப்போனால் அதற்குப் பயமே தெரியாது.” தம்பி அப்பாவின் பக்கம். நான் எதிர்ப்பக்கம். ஆனால் எதிர்க்கிற எனக்கும் மாற்று வழி எதுவும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் சித்தி, ஊசி போட்டால் பாவம், கோவில் வளவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். உறவினர்களில் அநேகமானோர் அந்த யோசனையை உடனே ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழியாகத் தெரிகிறது.

ஆகவே கேட்கிறேன். வளர்த்தவர் என்ற காரணத்தால் ஆரோக்கியமான ஒரு மிருகத்தின் உயிரை முடிக்கும்படி கேட்க ஒருவருக்கு உரிமை உண்டா? வைத்தியர் மறுத்தது சரிதானா? வலியில்லாமல், பயமில்லாமல் நடக்கும் சாவினால் நாய்க்கு இழப்பு ஏதேனும் உண்டா, அல்லது அந்த இழப்பெல்லாம் நம்முடைய மனதில் மட்டும்தானா?

மலைநாட்டு மிருக வைத்தியர் எழுதுகிறார்:

சகோதரி, நான் நுவரெலியா மாவட்டத்தில் பணியாற்றுகிறேன். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் என்னிடமும் வருகிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெறுகிறவர்கள், வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள், வளர்த்தவர் இறந்துவிட நாயோடு தவிக்கும் பிள்ளைகள்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இன்னும் நடைமுறையில் இருப்பது 1907 ஆம் ஆண்டின் மிருக வதைக் கட்டளைச் சட்டம். அது வதைப்பதையும் தேவையற்ற கொடுமையான முறையில் கொல்வதையும் தண்டிக்கிறது. உரிமையாளர் கேட்டு, ஒரு வைத்தியர் வலியின்றி உயிரை முடிப்பதை அது குற்றமாகக் கொள்ளவில்லை. 2006 ஆம் ஆண்டு முதல் தெரு நாய்களைக் கொல்வதில்லை என்று அரசு எடுத்த முடிவைச் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னர் உள்ளூராட்சி சபைகள் நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தன. அதை நிறுத்திக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியதுதான் அந்த முடிவு. வீட்டு நாயைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆக, இந்த விடயத்தில் சட்டம் எங்களைத் தடுக்கவும் இல்லை, செய்யும்படி கட்டாயப்படுத்தவும் இல்லை. முடிவு வைத்தியரின் மனச்சாட்சியிடம் விடப்பட்டிருக்கிறது.

பிரித்தானியாவிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அங்குள்ள அரச மிருக வைத்தியர் கல்லூரியின் நடத்தைக் கோவை, சட்டப்படியான கடமை இருந்தாலொழிய, ஆரோக்கியமான மிருகத்தைக் கொல்லும்படி எந்த வைத்தியரையும் வற்புறுத்த முடியாது என்கிறது. ஆகவே உங்கள் அப்பாவைத் திருப்பி அனுப்பிய வைத்தியர் தம் உரிமைக்கு உட்பட்டுத்தான் நடந்திருக்கிறார். அவர் மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. காரணம் கேட்காமல், வழி சொல்லாமல் மறுத்ததில்தான் வருத்தம். நாயைச் சாகடிக்கக் கேட்டு வருகிறவர்களில் அதன் சாவை உண்மையில் விரும்புகிறவர்கள் மிகக் குறைவு. வீடு, பணம், கடிக்குப் பயந்த அயலவரின் முறைப்பாடு என்று ஏதோ ஒன்று அவர்களை நெருக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது. அந்த நெருக்கடியைத் தொடாமல் நாயைப் பரிசோதித்து அனுப்புவதை நான் பாதி வைத்தியம் என்றே சொல்வேன்.

எங்கள் தொழிலின் உள்ளே இருக்கும் ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். நோயைத் தீர்க்கப் படித்தவர்கள் நோயில்லாத மிருகங்களைக் கொல்ல நேரும்போது ஏற்படும் மன அழுத்தத்தை மற்ற வேலைக் களைப்போடு சேர்க்க முடியாது என்று அமெரிக்க மெய்யியலாளர் பேர்னார்ட் ரோலின் 1987 இல் எழுதினார். ஓய்வெடுத்தாலோ விடுமுறை எடுத்தாலோ தீராத அழுத்தம் அது, ஏனென்றால் தான் எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்ற கேள்வியையே அது தொடுகிறது. இலங்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. உயிர்க்கொலை கூடாது என்ற முதல் சீலத்தை உறுதியாகக் கடைப்பிடிக்கும் பௌத்த நண்பர்கள் சிலர், முதுகெலும்பு நொறுங்கித் துடிக்கும் நாய்க்குக்கூட அந்த ஊசியைப் போட மாட்டார்கள். அவர்களது நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் நாயை வேறொருவரிடம் அனுப்பியாவது வைக்க வேண்டும் என்று அவர்களோடு வாதாடியும் இருக்கிறேன்.

சாவினால் நாய்க்கு இழப்பு உண்டா என்று கேட்டீர்கள். நாய்க்கு நாளை பற்றிய திட்டம் இல்லை, ஆகவே வலியில்லாத சாவில் அதற்கு எதுவும் குறைவதில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. உங்கள் அப்பா டீமேக்கர் என்றீர்கள். கொழுந்து வாடி முடிந்து நடுச்சாமத்துக்குப் பிறகு அரைக்கத் தொடங்கும் நேரத்தில் அவர் தொழிற்சாலைக்குப் போகப் புறப்படும்போது மணி எழுந்து கதவருகில் நின்றிருக்கும் அல்லவா? அவர் சப்பாத்தைத் தொடுவதற்கு முன்பே எழுந்து நிற்கும் நாய் அடுத்து நடக்கப்போவதை எதிர்பார்க்கிறது, விரும்புகிறது, அது நடக்காவிட்டால் ஏமாறுகிறது. எதிர்பார்க்கத் தெரிந்த உயிரிடமிருந்து எதிர்பார்த்ததை எடுத்துவிடுவது, வலியில்லாமல் எடுத்தாலும், எடுப்பதுதான். நான்கைந்து நல்ல ஆண்டுகள் அதற்கு மிச்சமிருக்கக்கூடும். மலைக் குளிரில் ஒழுங்காகப் பார்த்த நாட்டு நாய் பதின்மூன்று, பதினான்கு வயதுவரை இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் சாவுதான் எல்லாவற்றிலும் பெரிய தீங்கு என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வயதில், ஒருவரை மட்டுமே நம்பிய நாயைத் தெரியாத சந்தியில் இறக்கிவிட்டுப் போவது அதைவிடப் பெரிய தீங்கு. உண்மையாகவே தேடிப் பார்த்து, வேறு இடம் கிடைக்காமல், தெருவா ஊசியா என்ற நிலை வந்தால் நான் ஊசியைப் போடுவேன். அப்போது உரிமையாளரைப் பக்கத்தில் இருக்கச் சொல்வேன். முதலில் மயக்கம் வருவதற்கு ஒன்று, பின்பு நரம்பின் வழியே அளவுக்கு மிகுந்த மயக்க மருந்து. சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்கள் அப்பா சொன்னதுபோல, பயப்பட நேரமிருக்காது. அந்த நிலைக்கு அவர் இன்னும் வரவில்லை என்பதே என் கருத்து. மணிக்கு இடம் தேடி யாரிடமெல்லாம் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா, தம்பி, நீங்கள் மூவரும் சேர்ந்து யாரிடமாவது கேட்டீர்களா?

மஸ்கெலியா வாசி எழுதுகிறார்:

டொக்டர் ஐயா பொறுமையாக எழுதியிருக்கிறார். நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து இன்றும் லயத்தில் இருப்பவள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, மன்னிக்கவும்.

ஊசி போட்டால் பாவம், கோவிலில் விட்டால் பாவமில்லை என்று சொல்லும் சித்தி எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். இந்த ஊரில் பெட்டைக் குட்டிகள் சந்தையிலும், பன்சலை வாசலிலும், ஆஸ்பத்திரி வளவிலும், பங்களா முடக்கிலும் வந்து சேருவது இப்படித்தான். கொன்ற பழி தங்களுக்கு வராமல் இருந்தால் போதும் என்பதே அவர்களுடைய கணக்கு. அவர்களின் புண்ணியத்துக்கு விலை கொடுப்பது அந்த நாய்.

விடப்பட்ட நாய்க்கு என்ன நடக்கிறது என்பதை நகரத்தில் இருப்பவர்கள் அதிகம் பார்ப்பதில்லை. குட்டியாக இருந்தால் லயத்துப் பிள்ளைகள் ரொட்டித் துண்டைப் போட்டே வளர்த்துவிடுவார்கள். எங்கள் லயத்தில் இருக்கும் நாய்களில் பாதிக்கு மேல் யாரோ கொண்டுவந்து விட்டவைதான். காலையில் ஒரு வீட்டில் சாப்பிடும், இரவில் இன்னொரு வீட்டின் இஸ்தோப்பில் படுக்கும். ஆனால் வயதான நாயை மற்ற நாய்கள் சேர்க்காது. காட்டுப் பன்றிக்கு வைக்கும் கம்பித் தடத்தில் நாயும் சிக்கும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் கம்பியில் மாட்டிப் பின்பு இறந்துபோனது. நாடே அதைப் பற்றிப் பேசியது. நாய் மாட்டினால் பேச ஆளில்லை. தேயிலைக்குள் நடமாடும் சிறுத்தைகள் நாய்களைத் தூக்கிப்போவது எங்களுக்குப் புதிதல்ல. ஆகவே சகோதரியின் அப்பா பயப்படுவது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். இன்னொன்றும் உண்டு. வைத்தியர் கைவிரித்துவிட்டால் சிலர் வீட்டுக்கு வந்து சோற்றில் மருந்தைக் கலந்து வைக்கிறார்கள். அந்தச் சாவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊசியே மேல்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் அப்பாவின் பக்கம் நிற்கவில்லை. “நான் போன பிறகு” என்று அவர் தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும், தன்னைத் தவிர வேறு யாரும் மணியைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற முடிவு முதலிலேயே இருக்கிறது. அது அன்பினால் வரும் முடிவுதான். ஆனால் அந்த அன்பில் கொஞ்சம் சொந்தம் கொண்டாடுதலும் கலந்திருக்கிறது. எனக்குப் பிறகு இன்னொருவர் கையில் சாப்பிடுவதைவிடச் செத்துப்போகட்டும் என்பது மணியின் விருப்பமா, அப்பாவின் துக்கமா? மனைவியை இழந்து, வேலையை விட்டு, வீட்டையும் விட்டுப் போகிற மனிதருக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிட்டுப் போகத் தோன்றும். பாவம், அவருக்கு அது இயல்பு. ஆனால் அவர் மனம் ஆறுவதற்காக நாய் சாக வேண்டியதில்லை.

புதிதாக வரும் டீமேக்கர் வீட்டில் யார் இருக்கிறார்கள்? எங்கள் தோட்டத்தில் கிளாக்கர் மாறினாலும் குவாட்டர்ஸ் நாய் மாறுவதில்லை.

டிக்கோயா மகள்:

இருவருக்கும் நன்றி. மஸ்கெலியா அக்கா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

புதிதாக வருகிறவருக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மணி உறுமும் நாய் என்பதால் அவர்களிடம் கேட்பதை நினைத்தும் பார்க்கவில்லை. வேறு யாரிடமும் அப்பா கேட்கவில்லை. இத்தனை வருடம் ‘ஐயா’ என்று கூப்பிட்டவர்களிடம் போய் நாயை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க அவருக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். டொக்டர் சொன்னது சரிதான், இரவில் அவர் தொழிற்சாலைக்குப் போகும்போதெல்லாம் மணி கூடவே போகும். அங்கே இரவுக் காவலுக்கு நிற்கும் வாச்சரைப் பார்த்து மட்டும் அது உறுமுவதில்லை. இதை இப்போது எழுதும்போதுதான் யோசித்தேன்.

கண்டி சட்டத்தரணி எழுதுகிறார்:

உரிமை என்ற சொல்லைச் சகோதரி முதலில் கேட்டதால் அந்தப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

நமது சட்டத்தில் நாய் ஓர் உடைமை. வேறொருவரின் நாயைக் கொன்றால் அவரது உடைமைக்குச் சேதம் விளைவித்த குற்றமாகும். தன் நாயை வலியின்றிக் கொன்றால் குற்றமில்லை. இது நாயின் உயிருக்குக் கிடைத்த பாதுகாப்பு அல்ல, நாயை வைத்திருப்பவரின் பைக்குக் கிடைத்த பாதுகாப்பு. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலன் சட்டமூலமொன்றைத் தயாரித்தது. அது ஆண்டுக்கணக்காக இழுபட்ட கதை இந்தத் துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

உலகம் முழுவதும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். ஜேர்மனியில் நியாயமான காரணமின்றி முதுகெலும்புள்ள விலங்கொன்றைக் கொல்வது குற்றம். மூன்று ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அங்கே நாயின் சொந்தக்காரரும் அந்தத் தடைக்கு உட்பட்டவர்தான், நாய்க்கு ஊசி போடும் வைத்தியரும் உட்பட்டவர்தான். வீடு மாறுகிறேன் என்பது மட்டும் நியாயமான காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. இத்தாலி 1991 இல் இயற்றிய 281 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காப்பகங்களுக்கு வந்து சேரும் நாய்களைக் கொல்ல வேண்டுமானால் அவை கடும் நோயுற்றிருக்க வேண்டும், குணப்படுத்த முடியாதிருக்க வேண்டும், அல்லது ஆபத்தானவை என்று நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் எண்ணத்துக்கு மிக நெருக்கமான வழக்கொன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1964 இல் தீர்க்கப்பட்டது. ஐடா கேப்பர்ஸ் என்ற பெண்மணி, தம் மரணத்துக்குப் பின் தம்முடைய இரண்டு ஐரிஷ் செட்டர் நாய்களையும் வலியின்றிக் கொன்றுவிட வேண்டும் என்று மரணசாசனத்தில் எழுதிவைத்தார். தம்மைப் போல அவற்றை நேசிக்க யாரும் கிடைக்கமாட்டார்கள், அவை ஏங்கிப்போகும் என்பதே அவரது அச்சமாக இருந்தது என்று கொள்ளப்பட்டது. நாய்கள் நலமாக இருந்தன, வேறு வீட்டில் நன்றாக வாழக்கூடியவையாக இருந்தன. நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நிறைவேற்ற மறுத்தது, நாய்கள் பிழைத்தன. நீதிமன்றம் அந்தப் பெண்மணியைக் கொடியவராகக் காணவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய நோக்கம் நாய்களின் நலன்தான், அந்த நலன் உயிரோடு வைத்திருப்பதாலேயே நிறைவேறுகிறது என்றால் அதுவே அவரது உண்மையான விருப்பமாகவும் இருந்திருக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு.

மஸ்கெலியாச் சகோதரி தம் அனுபவத்திலிருந்து சொன்னதும் அதுதான். நான் சேர்க்க விரும்புவது ஒன்றே. உரிமை என்று பேசத் தொடங்கினால் கடமையையும் பேச வேண்டும். 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நாயை உள்ளூராட்சி சபையில் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையில் பலர் செய்வதில்லை, சபைகளும் கேட்பதில்லை. ஆனால் ஒரு நாய் யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நூறு வருடத்துக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கிறது. அப்படிப் பெயரெழுதி ஏற்றுக்கொண்ட பொறுப்பு, எனக்கு வசதியில்லாத நாளில் நான் முடித்துவைக்கலாம் என்ற அளவுக்குத்தான் நீளுமா? நான் அப்படிக் கருதவில்லை. கொடுக்க இடம் தேடுவதும் அந்தப் பொறுப்பின் பகுதி. தேடாமல் ஊசியைக் கேட்பவருக்கு மறுக்கலாம். தேடிக் களைத்தவருக்கு மறுப்பது வேறு.

பண்டாரவளை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதுகிறார்:

ஒரு நாய்க்கு இத்தனை சட்டமும் தத்துவமும் பேசுகிறீர்கள். ஆடித் திருவிழாவில் முனியாண்டிக்குக் கிடாய் வெட்டும்போது அந்தக் கிடாய்க்கு நோய் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டியில் கொதிக்கும் கோழியும் ஆரோக்கியமான கோழிதான். அந்த மனிதர் தின்பதற்காகக் கேட்கவில்லை, காசுக்காகவும் கேட்கவில்லை, அது துன்பப்படக்கூடாது என்று கேட்கிறார். எங்களில் பலரைவிட அவர் யோக்கியர் என்பது என் தாழ்மையான கருத்து. வயதான காலத்தில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

மலைநாட்டு மிருக வைத்தியர்:

ஆசிரியர் ஐயா சொல்லும் முரண்பாடு உண்மையானது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை; நானும் மாமிசம் சாப்பிடுகிறவன். கிடாய் விடயத்தில் நாம் மனம் மாற வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் கிடாயிடம் நாம் தவறாக நடக்கிறோம் என்பதால் மணியிடமும் நடக்கலாம் என்று ஆகாது. ஒன்பது வருடம் தன் கையிலிருந்தே சாப்பிடப் பழக்கி, அதன் உலகத்தையே தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்ட ஒருவருக்கு, அந்தப் பழக்கத்தினாலேயே ஒரு தனிக் கடன் உண்டாகிறது. அந்தக் கடனை உணர்ந்திருப்பதால்தான் அந்த ஐயா தெருவில் விடாமல் வைத்தியரிடம் வந்தார். அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

சகோதரி, நீங்கள் இரண்டாவதாக எழுதியதில்தான் வழி இருக்கிறது. வாச்சரைப் பார்த்து மணி உறுமுவதில்லை என்றால், ஒருவருக்கு மட்டுமான நாய் என்று நீங்கள் எல்லோரும் நம்பியது முழு உண்மை அல்ல. தொழிற்சாலை இரவில் ஓடும் இடம், காவலுக்கு நாய் வேண்டிய இடம், மணிக்குப் பழகிய இடம். புதிய வீட்டில் வைப்பதைவிட அது சுலபம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும்; தேயிலை இருக்கும் கட்டடத்துக்குள் நாய் நுழையக் கூடாது என்பார்கள், அது நியாயம். காவல் கூண்டுக்குப் பக்கத்தில் கட்ட இடமிருந்தால் போதும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொடுக்காமல் விட்டது நல்ல முடிவு. தபால்காரரின் காற்சட்டையைக் கவ்வியதைக் கொண்டு இதை ஆபத்தான நாய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதிர்காலத்தில் யாரையாவது கடித்துவிட்டால், அன்றைக்கே ஊசி போடச் சொல்லி யாரும் ஓடிவர வேண்டாம். கடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நாயைக் கட்டிவைத்துக் கண்காணிக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 10 நாட்கள் என்கிறது. நாய் அதற்குப் பிறகும் நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் விசர் நோய்க் கிருமி இருக்கவில்லை என்று தெளிவாகும். அவசரப்பட்டுக் கொன்றால் அந்தத் தெளிவும் போய்விடும்.

டிக்கோயா மகள்:

நேற்று இரவு தம்பியோடு பேசினேன். வாச்சரிடம் அப்பா கேட்கமாட்டார், ஆகவே தம்பி கேட்பதாக ஒப்புக்கொண்டான். மாதாமாதம் அரிசிக்கும் தடுப்பூசிக்கும் உரிய செலவை நாங்கள் இருவரும் கொடுப்போம். அது சரிவராவிட்டால் மஸ்கெலியா அக்கா சொன்னதுபோல லயத்துப் பக்கம் விசாரிப்போம். அதுவும் சரிவராவிட்டால் டொக்டர் ஐயா சொன்ன அந்தக் கடைசி நிலைக்கு வந்துவிட்டோம் என்று நானும் ஏற்றுக்கொள்வேன். அப்பாவோடு நானும் பக்கத்தில் இருப்பேன். முன்பு நான் இதை ஏற்கவே தயாராக இருக்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும். வாச்சர் சம்மதித்தால், அப்பா ஹட்டனுக்குப் போன பிறகு அடிக்கடி வந்து மணியைப் பார்ப்பது நல்லதா, அல்லது அது பழகும்வரை வராமல் இருப்பது நல்லதா?

மலைநாட்டு மிருக வைத்தியர்:

போவதற்கு முந்திய நாட்களில்தான் அப்பா வேலை செய்ய வேண்டும். இன்றிலிருந்தே மணியின் இரவுச் சாப்பாட்டைத் தொழிற்சாலையில், வாச்சரின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் அப்பா பக்கத்தில் நிற்கட்டும், பிறகு சற்றுத் தள்ளி நிற்கட்டும், பிறகு சாப்பாடு முடியும்வரை உள்ளே போய்விடட்டும். அவர் உடுத்திய பழைய சாரமொன்றைப் படுக்கும் இடத்தில் போடுங்கள். ஹட்டனுக்குப் போன பின் முதல் சில வாரங்கள் வராமல் இருப்பது நல்லது. அதற்குப் பிறகு தாராளமாக வரலாம், ஆனால் வரும்போது வாச்சர் இருக்கும் நேரத்தில் வந்து, போகும்போது சாப்பாட்டு நேரத்தில் போகட்டும். முதல் ஒரு வாரம் பழைய குவாட்டர்ஸ் வாசலுக்கு ஓடப் பார்க்கும், ஆகவே இரவில் அவிழ்க்க வேண்டாம் என்று வாச்சரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையையும் அவரிடமே ஒப்படையுங்கள்.

திருப்பி அனுப்பிய வைத்தியரிடம் மீண்டும் போக அப்பாவுக்குச் சங்கடமாக இருந்தால், நாயைத் தூக்கிக்கொண்டு வராமல் அவர் தனியாக எங்கள் அலுவலகத்துக்கு வரலாம். பேசிக்கொள்வோம்.

மஸ்கெலியா வாசி:

வாச்சர் மறுத்தால் இங்கே எழுதுங்கள். எங்கள் லயத்தில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், அவருடைய நாய் போன மழையில் செத்துப்போனது. ஆனால் அவர் வீட்டில் சேவல்கள் இருக்கின்றன. மணி கோழியை விரட்டுமா?

டிக்கோயா மகள்:

விரட்டாது அக்கா. எங்கள் குவாட்டர்ஸ் பின்புறத்தில் அம்மா இருந்தபோது கோழி வளர்த்தார். பூனையைக் கண்டால்தான் நிற்காது.